வந்த வழி: தாமரைக் கிழங்கு

1

தம்பி கணேசன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். எங்கள் ஊர் ஆலடிக்குளத்துப் பாசனச் சங்கத்தின் அலுவலகம். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் அடுக்கிய உரமூட்டைகள், அவ்வளவுதான். சுவரில் சாமி காலண்டருக்குப் பக்கத்தில் புதிதாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு தாள் மாட்டியிருந்தது. மேலே இங்கிலீஷ், கீழே யாரோ தமிழில் பெயர்த்து டைப் அடித்தது. விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் எழுதியது.

படத்துக்கு அடியில் தம்பியின் செய்தி: "அக்கா, உனக்க எழுத்து. ஃபிரேம் போட்டு மாட்டியாச்சு. இனி ஒரு பயலும் வாயத் திறக்க முடியாது, பாத்துக்கோ."

ஊரை விட்டு வந்து பதினெட்டு வருஷமாகிறது. இங்கே கனடாவில், ஒட்டாவா நகரத்தில், பல நாடுகள் கூடிப் பேசும் ஒரு சிறிய அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். ஓரிடத்துச் செடியும் பூச்சியும் மீனும் மனிதரோடு சேர்ந்து இன்னோரிடத்துக்குப் போய், அங்கே இருப்பவற்றைத் தின்றும் மூடியும் பெருகிவிடுகின்றன அல்லவா? அவற்றைத் தடுக்க எல்லா நாடுகளுக்கும் பொதுவாக ஒரு கொள்கை வகுக்கிறார்கள். அன்னிய ஊடுருவல் இனங்கள் என்று அவற்றுக்குப் பெயர். கொள்கை வகுப்பது அவர்கள். காற்புள்ளி வைப்பதும் பக்க எண் போடுவதும் நான். நாகர்கோவிலில் படித்த தாவரவியல் பட்டம் கடைசியில் பக்க எண் போடத்தான் உதவியது என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

சங்கத்துச் சுவரில் தொங்குவது அந்தக் கொள்கை வரைவின் பின்னிணைப்பில் உள்ள அரைப் பக்கம். தென்னிந்தியாவில் ஒரு பாசனக் குளம் ஆகாயத்தாமரை மூடிப் பாழான கதை. மூன்று மொழிகளில் வெளியாகியிருக்கிறது. அதன் கடைசி வரி இது. வந்த வழி: நடவுக்குக் கொண்டுவந்த தாமரைக் கிழங்கோடு, தற்செயலாக.

அந்த வரி பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். அந்தச் செடி எங்கள் குளத்துக்கு எப்படி வந்தது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

2

உடனே தம்பியைக் கூப்பிட்டேன். இங்கே காலை, அங்கே சாயங்காலம். பின்னால் சுசீந்திரம் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"எதற்காக அதை அங்கே மாட்டினாய், கணேசா?"

"என்னக்கா நீ, டிவியில செய்தி வாசிக்கது மாதிரி பேசுதே," என்று சிரித்தான்.

அவன் சொல்வது சரிதான். இங்கே யாழ்ப்பாணத்துக்காரர், சென்னைக்காரர், மதுரைக்காரர் எல்லோருக்கும் புரியட்டும் என்று பேசிப் பேசி என் தமிழ் எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போய்விட்டது. கோபம் வந்தாலோ அழுகை வந்தாலோதான் ஊர்ப்பேச்சு வருகிறது. இரண்டும் அலுவலகத்தில் கூடாது.

விஷயத்தைத் தம்பி விவரமாகச் சொன்னான். முப்பது வருஷத்துக்கு மேலாக மூடிக் கிடந்த குளத்தை இந்தக் கோடையில் மெஷின் வைத்து வாரிவிட்டார்கள். தண்ணீர் தெரிகிறது. தெரிந்ததும் ரெத்னா சங்கத்துக்கு வந்து, தாமரை நடக் குளத்தைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறாள். ரெத்னா என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தவள். அந்தக் காலத்தில் குளத்தைத் தாமரைக்குக் குத்தகை எடுத்திருந்த தங்கப்பனின் மகள்.

"சங்கத்துல யாரும் ஒத்துக்கல்ல. அன்னைக்கி அந்தச் சவத்துச் செடியக் கொண்டு வந்து விட்டதே அவளுக்க அப்பன்தானே? பொறவு எப்படிக் குடுக்கது? ரெண்டு மூணு பேரு, அதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டானுவ. அப்பந்தான் உனக்க எழுத்து ஞாபகம் வந்துச்சு. வெளிநாட்டுலயே அச்சடிச்சிருக்கான், இதுக்கு மேல என்ன ஆதாரம்லேன்னு சொல்லி மாட்டிட்டேன்."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம். ஆலடிக்குளத்துல இனி தாமரையே நடக்கூடாதுன்னு தீர்மானம். உனக்க எழுத்த வாசிச்சிட்டு முடிச்சிருவேன்."

தம்பி சங்கத்துச் செயலாளர். அந்தப் பதவியில் அவனுக்குள்ள பெருமை எனக்குத் தெரியும். ரெத்னா இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன்.

"தோவாளை சந்தையில பூ கெட்டுகா. மாப்ள விட்டுட்டுப் போயாச்சு. தங்கப்பண்ணன் காது கேக்காம வீட்டுல கெடக்காரு. பாவந்தான். என்ன செய்ய, சொல்லு."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். 

3

என் அம்மாவுக்குக் குழித்துறை. அப்பாவின் ஊர் சுசீந்திரத்துக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவே. இரண்டுக்கும் இடையில் நாகர்கோவிலில் ஒரு பஸ் மாற வேண்டும், அவ்வளவுதான் தூரம். ஆனாலும் அம்மா கல்யாணமாகி வந்தபோது வேறு நாட்டுக்கு வந்தவள் மாதிரிதான் இருந்திருக்கிறாள். அவளோடு எங்கள் தெருவுக்கு வந்த வழக்கம் அத்தப்பூ. ஆவணியில் அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் வாசலில் பூக்களால் வட்டம் போடுவது. முதலில் எங்கள் வாசலில் மட்டும் இருந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் தெரு முழுக்கப் போட ஆரம்பித்தார்கள். பிறகு வாசகசாலையில் பரிசே வைத்துவிட்டார்கள்.

தும்பை, அரளி, செம்பருத்தி, வாடாமல்லி எல்லாம் எல்லார் வாசலிலும் இருக்கும். அதில் என்ன பெருமை? எனக்கு வேண்டியது இளம் ஊதா. குழித்துறையில் மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டையில் அந்த நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடக்கும். ஒரே ஓர் இதழில் மட்டும் மஞ்சளாக ஒரு பொட்டு, மயிலிறகில் இருப்பதுபோல. அங்கே அதைக் குளவாழை என்பார்கள். அதுதான் ஆகாயத்தாமரை என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து.

அந்தப் பூவுக்கு ஒரு குறை உண்டு. பறித்தால் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். ஒரு வருஷம் மாமா வீட்டிலிருந்து பறித்து, நாகர்கோவிலில் பஸ் மாறி, வீட்டு வாசலில் வந்து இறங்கிப் பார்த்தால் பையில் ஈரத்துணி மாதிரி ஏதோ கிடந்தது. அழுதேன். அடுத்த வருஷம் புத்தி வந்தது. பூவைக் கொண்டுவந்தால்தானே வாடும்? செடியையே கொண்டுவந்தால்? அப்போது எனக்குப் பதினொரு வயது.

அலுமினிய வாளியில் இரண்டே இரண்டு செடி. பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "பாப்பா, இது என்ன, சாம்பாருக்கா?" என்று கேட்டார். வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் போட்டு வைத்தேன். இரண்டு நாளில் அம்மா பார்த்துவிட்டாள்.

"கொசு வரும். எடுத்துக் கொட்டிட்டு வா."

எங்கே கொட்ட வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை. நான் குளத்தில் கொட்டினேன். கொட்டினேன் என்று சொல்வதும் உண்மை இல்லை. படித்துறைக்கு வடக்கே தாழம்புதர் மறைவில் மெதுவாக இறக்கிவிட்டு, காற்று அடித்துக்கொண்டு போகாமல் இருக்கச் சுற்றிலும் குச்சி ஊன்றி மறித்தேன். தினமும் போய்ப் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தச் செடியையும் அவ்வளவு கருத்தாக வளர்த்ததில்லை.

மறு ஆவணியில் தெருவுக்கே போதும்படி பூத்தது. மாமா வீட்டிலிருந்து வந்த பூ என்றே எல்லோரும் நினைத்தார்கள். முதல் பரிசு எனக்கு. எவர்சில்வர் டம்ளர். அடியில் "அத்தப்பூ முதல் பரிசு" என்று புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். அம்மா சாகிற வரை அதில்தான் காபி குடித்தாள். இப்போது ஒட்டாவாவில் என் அடுக்களையில் ஸ்பூன் போட்டு வைத்திருக்கிறேன்.

4

தங்கப்பண்ணன் தாமரை பறிப்பதைப் பார்க்கக் குளத்தங்கரையில் எங்களுக்கு விடிகாலையிலேயே வேலை இருந்தது. லாரி டயரின் காற்றடைத்த ட்யூபில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, இலைகளுக்கு நடுவே கையால் துழாவித் துழாவிப் போவார். திரும்பும்போது ட்யூபைச் சுற்றி மொட்டுகள் கட்டுக் கட்டாக மிதந்து வரும். வெயில் ஏறுவதற்குள் அவை தோவாளை சந்தைக்குப் போய்விடும். எங்களுக்கு ஆளுக்கொரு தாமரை இலை கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டு உருட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம். இந்தக் குறிப்பை எழுதும்போது என் உள்ளங்கை அந்த இலையின் சொரசொரப்பைத் தேடுகிறது. எத்தனையோ நாட்டுத் தாவரத் தோட்டங்களைப் பார்த்துவிட்டேன். அந்த இலையைத் தொட வேண்டும் என்கிற ஏக்கம் மட்டும் தீரவில்லை.

நான் வாளி கொண்டுவந்த அதே வருஷம் அவர் மேற்கேயுள்ள ஒரு குளத்திலிருந்து புதிதாகத் தாமரைக் கிழங்கு கொண்டுவந்து நட்டார். படித்துறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காகத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். நான் அந்தப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்தில் குளம் முழுக்க ஆகாயத்தாமரை. மொட்டு மேலே வர வழியில்லை. மதகு அடைத்துக்கொண்டு கன்னிப்பூப் பருவத்து நெல்லுக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. வாசகசாலை முற்றத்தில் ஊர் கூடியது. யாரோ, "இவன் அந்தக் கெழங்கு கொண்டு வந்த பொறவுதானே இது வந்துச்சு," என்றார்கள். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. தங்கப்பண்ணன் எழுந்து, "நான் கழுவித்தான் எறக்கினேன்," என்றார். கூட்டத்தில் ஒருவர், "எல்லாத்தையுமா? ஒண்ணுகூட விடல்லன்னு சத்தியம் பண்ணுவியாடே?" என்று கேட்டார். அவர் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் வாயும் மூடித்தான் இருந்தது.

குத்தகை போயிற்று. அவர் வடக்கே கட்டட வேலைக்குப் போய்விட்டார். ரெத்னா எட்டாம் வகுப்போடு நின்றாள். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், விமானம் ஏறினேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் குளத்தங்கரை வழி போனால் வீடு ஐந்து நிமிஷம். நான் கோவிலைச் சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டு வழியாகத்தான் போவேன். தங்கப்பண்ணன் வீடு குளத்தங்கரையில் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக இங்கே உட்கார்ந்து எந்த வழியை நினைத்து ஏங்குகிறேனோ, அந்த வழியாக, ஊர் கூடிய அந்த நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட நான் நடந்ததில்லை.

5

இனி என் அலுவலகக் கதை. கொள்கை என்பது எப்படி உருவாகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் கல்யாண வீட்டுப் பந்தியைத்தான் உதாரணமாகச் சொல்வேன். எல்லாருக்கும் பசி. ஆனால் முதலில் யார் உட்கார்வது என்பதிலேயே பாதிப்பொழுது போகும்.

ஒரு நாடு ஒரு வாக்கியத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைச் சதுர அடைப்புக்குள் போடுவோம். எல்லோரும் ஒத்துக்கொண்டதும் அடைப்பை நீக்குவோம். இந்த வசந்தகாலக் கூட்டத்தில் இரண்டு வாரம் முழுக்க அடைப்புக்குள்ளேயே கிடந்தது ஒரு பத்தி. ஓர் அன்னிய இனம் தன் நாட்டுக்குள் வந்த வழியை ஒவ்வொரு நாடும் உள்ளபடி அறிவிக்க வேண்டும் என்பது அந்தப் பத்தி. கேட்டால் எளிய விஷயம்தான். கப்பல் தண்ணீரிலா, மரப்பெட்டியிலா, அலங்காரச் செடியாகவா, எப்படி வந்தது என்று தெரிந்தால்தானே அந்த வாசலை அடைக்கலாம்? ஆனால் வந்த படிவங்களைப் பார்த்தால் "தெரியவில்லை" என்றிருக்கும், அல்லது பக்கத்து நாட்டின் பெயர் இருக்கும். நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

ஒரு சின்னத் தீவின் பிரதிநிதியம்மா எழுந்து, "எங்கள் துறைமுகம் வழியாகத்தான் வந்தது என்று நான் உண்மையை எழுதினால், நாளை எங்கள் வாழைப்பழத்தை யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார்.  உள்ளபடி சொல்பவர் அதற்காகத் தண்டிக்கப்படலாகாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். அந்த வரியை டைப் அடித்துச் சேர்த்தது நான்தான். அது இன்னமும் அடைப்புக்குள்தான் இருக்கிறது.

பின்னிணைப்புக் கதை அதற்கு முந்தின வருஷத்தது. எடுத்துக்காட்டு தருவதாகச் சொன்ன ஒரு நாடு கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது. பக்கம் காலி. என் மேலதிகாரி ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. "உங்கள் ஊரில் ஏதாவது நடந்திருக்கிறதா?" என்று கேட்டார். நான் ஆலடிக்குளத்தை எழுதிக் கொடுத்தேன். "வந்த வழி" என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று போட்டிருக்கலாம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தாமரைக் கிழங்கு என்று எழுதினேன். ஊரில் எல்லோரும் சொல்வதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் ஆசை வேறு. அச்சில் வந்துவிட்டால் எனக்கும் அதுவே உண்மையாகிவிடும், அதோடு போய்த் தொலையும் என்று ஆசைப்பட்டேன்.

அச்சில் வந்ததும் பெருமையில் தம்பிக்கும் அனுப்பிவைத்தேன். என் கையாலேயே.

6

எங்கள் வீட்டு முன்னால் ஒரு மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. ஆஷ் மரம். ஆசியாவிலிருந்து சாமான் வந்த மரப்பெட்டியில் ஒளிந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு பச்சை வண்டு இந்த ஊரின் ஆஷ் மரங்களையெல்லாம் தின்றுவிட்டது. நகராட்சிக்காரர்கள் வந்து வெட்டினார்கள். என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. அவள் பள்ளியில் இப்படி வெட்டுப்பட்ட மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள். என்னோடு இங்கிலீஷிலும் தோழிகளோடு பிரெஞ்சிலும் பேசுவாள். பூனையோடு மட்டும் தமிழ். அவள் குழந்தையாக இருந்தபோது நான் பூனையோடு தமிழில் பேசியதால், பூனைக்கு அதுதான் பாஷை என்று நினைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அத்தப்பூ என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். அதிலுள்ள எழுத்தை அவளால் படிக்க முடியவில்லை. நானே படித்துச் சொன்னேன். கேட்டு முடித்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். பூனையோடு பேசுகிற தமிழிலேயே என்னிடமும் சொன்னாள்.

"அம்மா, அப்போ நீதான் பாத்வே!" எங்கள் ஆவணங்களில் "வந்த வழி"க்கு இங்கிலீஷ் சொல் அதுதான்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த ஆள் இருக்காரா?" என்றாள்.

"இருக்கார்."

"அப்போ ஏன் வெயிட் பண்ற?"



அன்றைக்கே பின்னிணைப்பைத் திருத்தக் கேட்டு அலுவலகத்தில் படிவம் கொடுத்தேன். "ஆதாரம்" என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தனிமனிதரை ஆதாரமாகக் காட்ட விதியில் இடமில்லை, ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொய்யை எழுதியபோது யாரும் ஆவணம் கேட்கவில்லை. டம்ளரின் அடிப்பாகத்தைப் படம் எடுத்து இணைத்துவிட்டு வந்தேன். பரிசீலனையில் இருக்கிறது.

சனிக்கிழமை தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வெளையாடாத அக்கா."

"வெளையாடல்லடே. நாந்தான் கொண்டு போட்டேன்." என்னையறியாமல் பேச்சு மாறியிருந்தது.

 பிறகு, "சின்னப் பிள்ளையில தெரியாமச் செஞ்சது. அதுக்கு இப்பம் என்ன? சவத்த விட்டுரு," என்றான்.

"பதினோரு வயசுல கொண்டு போட்டது தெரியாமத்தான். பதினாலு வயசுல வாய மூடிட்டு நின்னது? போன வருசம் எழுதுனது?"

"எனக்க நெலமைய யோசிச்சியா நீ? ஊரு முழுக்க அந்தத் தாளக் காட்டியாச்சு. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுட்டு நான் அந்த நாற்காலியில இருக்கது?"

அவன் கோபம் நியாயம்தான். அவன் நம்பியது என் எழுத்தை. ஆனாலும் விடவில்லை. அந்தச் செடியின் விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும் என்பதைச் சொன்னேன். தாமரையைத் தடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நீங்கள் உட்கார்ந்துவிட்டால், ஒரு மழைக்கு அது மறுபடி தலைகாட்டும்; அப்போது யார் பேரைச் சொல்வீர்கள் என்று கேட்டேன். முளைக்க முளைக்கப் பிடுங்க ஆள் வேண்டும். தினமும் குளத்தில் இறங்குகிறவர் தாமரைக்காரரைத் தவிர வேறு யார்?

"அஞ்சு மணிக்கு ஃபோனப் போடு," என்றான் கடைசியில். "ஸ்பீக்கர்ல வைக்கேன். நீயே சொல்லிக்கோ. எனக்க வாயால நான் சொல்ல மாட்டேன்."

7

ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை ஏழரை. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் இலைகளில் இரண்டொன்று சிவக்கத் தொடங்கியிருந்தது. ஊரில் அத்தத்துக்கு இன்னும் இரண்டு நாள். இனியா எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பாதி புரியாது. இருந்தாலும் உட்கார்ந்தாள்.

"எங்கக்கா பேசுகா. கேளுங்கோ," என்று தம்பி சொன்னது கேட்டது.

என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். "அந்தக் காலகட்டத்தில்" என்று தொடங்கியிருந்தது அது. அதை மடித்துவிட்டேன்.

"ஆகாயத்தாமரையக் கொண்டு போட்டது நாந்தான். குழித்துறையிலேருந்து வாளியில கொண்டு வந்தேன், அத்தப்பூவுக்கு. தங்கப்பண்ணன் கொண்டு வரல்ல. அந்தத் தாள்ல நான் எழுதியிருக்கது பொய்."

 யாரோ இருமினார்கள். ஒரு பெரியவர் குரல், "சின்னப் பிள்ளையளுக்க காரியம்," என்று சிரிக்கப் பார்த்தது. கூடச் சிரிக்க யாரும் இல்லாமல் நின்றுவிட்டது. இன்னொருவர், "அப்பம் அந்தத் தாளக் கழத்துங்கலே மொதல்ல," என்றார். நாற்காலி இழுபட்டது. கழற்றியது தம்பிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தீர்மானத்தையும் அவனே நிறுத்தி வைத்தான்.

அதற்குள் ஒரு பெண்குரல் ஃபோனுக்குப் பக்கத்தில் வந்தது. வயதாகியிருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"ஏட்டி உமா. இவ்வளவு பேருட்ட நீ சொன்னதுல எனக்கு என்ன? எனக்க அப்பாட்ட சொல்லு. வீட்டுலதான் இருக்காரு."

ரெத்னா ஃபோனைக் கையில் எடுத்து வீடியோவைப் போட்டுக்கொண்டு நடந்தாள். என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஃபோனை முன்பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாள். அப்படித்தான் முப்பத்து மூன்று வருஷம் கழித்து நான் அந்தக் குளத்தங்கரை வழியாக நடந்தேன். படித்துறை வந்தது. தாழம்புதர் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. அதற்கு அப்பால் குளம், கரைக்குக் கரை வெறும் தண்ணீர். சாயங்கால வெயில் அதில் கிடந்தது. சின்ன வயதில் நான் பார்த்த அதே தண்ணீர். அழுதேன். மகள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் அழுதேன். கொஞ்சம் நில்லேன் ரெத்னா என்று சொல்ல நினைத்தேன். அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் காதருகே குனிந்து ரெத்னா சத்தமாகச் சொன்னாள்.

"யப்பா, வடக்குத் தெரு சிவதாணு மாமாக்க மவ உமா. வெளிநாட்டுலேருந்து பேசுகா."

அவருக்கு வீடியோ பழக்கமில்லை. ஃபோனை வாங்கிக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். திரையில் எனக்கு அவருடைய காதும் கொஞ்சம் நரைத்த முடியும்தான் தெரிந்தன. அந்தக் காதிடம்தான் சொன்னேன்.

"தங்கப்பண்ணே, குளத்துல ஆகாயத்தாமரையக் கொண்டு போட்டது நான். நீங்க இல்ல. உங்க கெழங்குல ஒண்ணும் வரல்ல."

காது அசையவில்லை.

"எனக்க கெழங்குல வரல்லியா?"

"இல்லண்ணே."

"நல்லாத் தெரியுமா மக்கா?"

"தெரியும். நீங்க கெழங்கு கழுவும்போ நான் படியில இருந்து பாத்திருக்கேன்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகப் பேசினார்.

"எல்லாத்தையும் கழுவித்தான் எறக்கினேன். ஆனா அவ்வளவு பேரு சொல்லும்போ, எங்கியோ ஒண்ண விட்டிருப்பேன்னு நானும் நெனச்சேன். கட்டடத்துல செங்கல் சொமக்கும்போயும் அதுதான். எதுல விட்டேன், எதுல விட்டேன்னு ஒவ்வொரு கெழங்கா திரும்பத் திரும்ப நெனச்சுப் பாப்பேன். எனக்க கையாலதான் அந்தக் குளம் செத்துச்சுன்னு..."

ஊர் நம்பியது எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும், தான் குற்றமற்றவர் என்று அவருக்காவது தெரியுமே, ஊர் மேல் கோபத்தோடாவது இருப்பாரே என்று நினைத்து நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அவரும் நம்பிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

"என்ன மன்னிச்சிருங்கோ அண்ணே," என்றேன்.

அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. 

"மொதல்ல சொன்னத இன்னொரு மட்டம் சொல்லு மக்கா. எனக்குக் காது கேக்காது."

"கேட்டாச்சே யப்பா," என்றாள் ரெத்னா.

"நீ சும்மா இரு. அவ சொல்லட்டு."

சொன்னேன். "உங்க கெழங்குல வரல்ல, தங்கப்பண்ணே. நீங்க எல்லாத்தையும் கழுவியிருந்தீங்க."

"இன்னும் ஒரு மட்டம்," என்றார்.